அப்துல்லாவின் இரண்டு 'நான்'

ராஃபிள்ஸுக்கு நெற்றி அகலம். ஆகவே அவர் எதையும் கவனமாகச் செய்பவர். தலை உருண்டை, முன்நெற்றி சற்றுத் துருத்திக்கொண்டிருந்தது. அது அறிவாளிக்கு அடையாளம். முடி வெளிர் பழுப்பு, துணிச்சல்காரர். காது பெரிது, அடுத்தவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பவர். 1819இல் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தைத் தொடங்கிய ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸை, முன்ஷி அப்துல்லா தன் சுயசரிதையான 'ஹிக்காயாட் அப்துல்லா'வில் வர்ணிக்கும் பகுதியின் சாரம் இது.

இன்னிக்குப் படிச்சா சிரிப்பு வரும். காதின் அளவுக்கும் குணத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அதே சிரிப்போடு நாம் இன்னொன்றையும் செய்துகொண்டிருக்கிறோம். ஒருவர் எழுதிய முந்நூறு சொற்களை ஒரு மென்பொருளுக்குக் கொடுத்தால், அவர் வெளிமுகமா உள்முகமா, பொறுப்பானவரா, பதற்றக்காரரா என்று ஐந்து பட்டைகள் வரைந்து கொடுத்துவிடுகிறது. நண்பர்கள் தங்களைப் பதினாறு ரகங்களில் ஒன்றாக அறிமுகப்படுத்திக்கொள்கிறார்கள். 'நான் ஐ.என்.எஃப்.ஜே' என்று சொல்வது கிட்டத்தட்ட ராசி சொல்வதுபோல ஆகிவிட்டது. நெற்றி இருந்த இடத்தில் எழுத்து வந்திருக்கிறது.

எழுத்தை வைத்து, எழுதியவர் எந்த ரகம் என்று சொல்லிவிட முடியுமா? நான் உளவியல் படித்தவனோ வரலாறு படித்தவனோ இல்லை. ஸ்கூடாயில் பொறியியல் படித்துவிட்டு, ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் அளவைக் கருவிகளோடு மல்லுக்கட்டுகிறவன். இது எனக்கு ஓர் அளவீட்டுக் கேள்வியாகத்தான் தெரிகிறது: கருவி எதை அளக்கிறது, எதை அளப்பதாகச் சொல்கிறது? அதைப் பார்க்க அப்துல்லாவைவிடப் பொருத்தமான ஆள் நம் பக்கத்தில் இல்லை. அவர் மற்றவர்களை ரகம் பிரித்தவர். பின்னால் மற்றவர்களால் ரகம் பிரிக்கப்பட்டவரும் அவரே.

*

அப்துல்லா பின் அப்துல் காதிர் 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் மலாக்காவில் பிறந்தவர். மலாய் நவீன உரைநடையின் முன்னோடி என்று நம் பள்ளிக்கூடங்களில் சொல்லித்தருகிறார்கள். அவருக்கும் தமிழுக்கும் உள்ள உறவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அவருடைய பூட்டனார் யேமன் நாட்டு அரபி. நாகூரில் தங்கி அங்கேயே மணம் முடித்தவர். பாட்டனார் நாகூரிலிருந்து மலாக்காவுக்கு வந்து, மீரா லெப்பை என்பவரின் மகள் பெரியாச்சியை மணந்தார். பெயர்களைக் கேட்டாலே போதும், எந்தக் கரை என்று தெரிந்துவிடும்.

சிறுவனாக இருந்தபோது அப்துல்லாவைத் தந்தை தமிழ் படிக்க அனுப்பினார். அன்றைய மலாக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படிப்பது வழக்கம், ஏனென்றால் கணக்கும் வியாபாரமும் தமிழில்தான் நடந்தன என்று அவரே எழுதியிருக்கிறார். 1835இல் பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்து மலாய்க்கு மொழிபெயர்த்தார். மலாக்காக் கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு மொழி சொல்லிக்கொடுத்ததால் 'முன்ஷி', அதாவது மொழி ஆசிரியர், என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது.

ஜாவா படையெடுப்புக்கான ஏற்பாடுகளுக்காக ராஃபிள்ஸ் மலாக்காவில் தங்கியிருந்தபோது அவருடைய அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார் அப்துல்லா. படையெடுப்பு 1811இல் நடந்தது. அப்போது அவர் பதின்வயதுப் பையன். அந்த நாட்களை எழுத உட்கார்ந்தது 1840இல்தான். 1843இல் முடித்தார், 1849இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்தது. ராஃபிள்ஸ் 1826லேயே இறந்துவிட்டார். ஆக, நாம் படிப்பது முப்பது வருஷத்துக்குப் பிறகு நினைவிலிருந்து எழுதிய ஒரு குணச்சித்திரம்.

அந்த நெற்றி, காது விஷயம் அப்துல்லா சொந்தமாகக் கண்டுபிடித்தது இல்லை. அரபியில் 'ஃபிராசா' என்ற சாத்திரம் உண்டு. மலாயில் அது 'ஃபிராசாட்'. உடல் அடையாளங்களைக் கொண்டு குணத்தைக் கண்டறிவது. 1603இல் அச்சேயில் எழுதப்பட்ட 'தாஜுல் சலாத்தின்' என்ற அரசநீதி நூலில் இதற்கென்றே பகுதி இருக்கிறது. அரசன் தன்னிடம் வேலைக்கு வருகிறவனை எப்படி எடைபோடுவது என்ற கவலைதான் அதன் பின்னால் இருப்பது. நமக்கு இது புதுசு இல்லை. சாமுத்திரிகா லட்சணம் என்ற பெயரில் நம் வீட்டுப் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்திலேயே இருந்ததுதான். வேலைக்கு ஆள் எடுப்பவருக்குக் குறுக்குவழி தேவைப்படுவது அன்றும் இன்றும் ஒன்றுதான்.

ஆனால் அப்துல்லா அந்த இடத்தில் நிற்கவில்லை. நெற்றியையும் காதையும் தாண்டியதும் வேறு மாதிரி எழுத ஆரம்பிக்கிறார். ராஃபிள்ஸ் ஒரு வேலையை இன்னொரு வேலையோடு கலக்க மாட்டார். இரவு வெகுநேரம் எழுதுவார். மேசைமேல் மல்லாந்து, தூங்குகிறவர்போலக் கண்ணை மூடிப் படுத்திருப்பார், திடீரென்று துள்ளி எழுந்து எழுதுவார், மறுபடி படுத்துக்கொள்வார். காலையில் முந்தின இரவு எழுதியதையெல்லாம் படித்துப் பார்த்து, வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியைக் கிழித்துப் போட்டுவிடுவார்.

இந்தப் பகுதி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. நெற்றியைப் படித்ததில் நமக்குக் கிடைப்பது அப்துல்லா காலத்து நம்பிக்கை மட்டும். மேசைமேல் படுத்ததைப் பார்த்ததில் ஓர் ஆள் கிடைக்கிறார். ஒரே எழுத்தாளர், ஒரே அத்தியாயம். ஒன்று ரகம், மற்றது கவனிப்பு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் மிச்சக் கதை எளிது.

*

இப்போதைய ஐந்து பட்டைகள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் பார்ப்போம். 1884இல் பிரான்சிஸ் கால்டன் ஒரு யோசனை சொன்னார்: மனிதக் குணங்களுக்கான பெயர்கள் எல்லாம் மொழியில் ஏற்கெனவே இருக்கத்தானே வேண்டும்? ஆங்கிலச் சொற்களஞ்சியம் ஒன்றைப் புரட்டி, குணத்தைக் குறிக்கும் சொற்கள் ஆயிரத்துக்குக் குறையாது என்று கணக்கிட்டார். 1936இல் கோர்டன் ஆல்போர்ட், ஹென்றி ஆட்பர்ட் என்ற இரு அமெரிக்கர்கள் வெப்ஸ்டர் அகராதியில் இறங்கி 17,953 சொற்களைப் பொறுக்கியெடுத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தப் பட்டியலைச் சுருக்கி, எவையெல்லாம் சேர்ந்தே வருகின்றன என்று புள்ளியியலால் கட்டுக்கட்டாகக் கட்டி, கடைசியில் ஐந்து கட்டுகளில் வந்து நின்றார்கள்: புதியவற்றுக்கு மனம் திறந்திருத்தல், பொறுப்பு, வெளிமுகத்தன்மை, இணக்கம், பதற்றம்.

இது ஜோசியம் இல்லை. நேர்மையான உழைப்பு. ஆனால் அடித்தளத்தில் இருப்பது ஓர் ஆங்கில அகராதி. தமிழ் அகராதியிலிருந்து தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீம்பு, ரோஷம், சூடு சொரணை, வெள்ளந்தி, ஊமைக்குசும்பு. 'அவன் அழுத்தக்காரன்' என்று பாட்டிமார் சொல்வார்களே, அது எந்தப் பட்டையில் சேரும்? உள்முகம் என்று சொன்னால் தப்பு. அழுத்தக்காரன் கூட்டத்தில் நன்றாகவே பேசுவான்; பேச வேண்டியதை மட்டும் பேச மாட்டான்.

பதினாறு ரகக் கணக்கின் வேர் வேறு. கார்ல் யுங் 1921இல் எழுதிய 'உளவியல் ரகங்கள்' நூலைப் படித்துவிட்டு, கேதரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ் என்ற தாயும் மகளும் உருவாக்கியது. அது ஏன் இவ்வளவு பேருக்கு 'அட, அப்படியே என்னைச் சொல்லுதே' என்று தோன்றுகிறது? இதற்கு 1948இலேயே பதில் கிடைத்துவிட்டது. பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் 39 மாணவர்களுக்குத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு குண அறிக்கை கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. அப்புறம்தான் தெரிந்தது, எல்லாருக்கும் கொடுத்தது ஒரே அறிக்கை; பெரும்பாலும் ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தது.

எழுத்தை எண்ணும் வேலையை முறைப்படுத்தியவர்களில் முக்கியமானவர் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பென்னிபேக்கர். அவர் செய்தது சுவாரசியமானது. பெரிய பெரிய சொற்களை விட்டுவிட்டு, யாரும் கவனிக்காத சின்னச் சொற்களை எண்ணினார். 'நான்', 'நாம்', 'ஆனால்', 'ஒரு' மாதிரியானவை. ஆங்கிலத்தில் மனச்சோர்வில் இருப்பவர்கள் 'நான்' அதிகம் சொல்கிறார்கள். மேலதிகாரிக்கு எழுதும் கீழ்நிலை ஊழியரும் 'நான்' அதிகம் சொல்கிறார். இதெல்லாம் எண்ணிப் பார்த்து வந்த முடிவுகள்.

சரி, இந்த 'நான்' எண்ணும் கருவியை எடுத்துக்கொண்டு அப்துல்லாவிடம் போவோம்.

*

1838இல் அப்துல்லா கிளந்தானுக்குக் கப்பலேறினார். சிங்கப்பூர் வணிகர்களின் சரக்கு அங்கே நடந்த உள்நாட்டுச் சண்டையில் மாட்டிக்கொண்டது. அது சம்பந்தமான கடிதங்களைக் கொண்டுபோன குழுவில் அவரும் ஒருவர். அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதி அதே ஆண்டில் அச்சிட்டார்கள். அதில் அவர் தன்னைச் 'சாயா' என்று சொல்லிக்கொள்கிறார். இரண்டு ஆண்டு கழித்து எழுதத் தொடங்கிய ஹிக்காயாட்டில் அவர் 'ஆக்கு'.

மலாய் தெரியாத வாசகர்களுக்காக: இரண்டுக்கும் தமிழில் 'நான்' என்றுதான் பொருள். ஆனால் 'ஆக்கு' நெருங்கிய நண்பனிடம், தனக்குத்தானே, இறைவனிடம் சொல்லும் நான். 'சாயா' மரியாதையான நான். அது 'சகாய' என்ற வடசொல்லிலிருந்து வந்தது, நாம் சகாயம் என்கிறோமே அதே வேர். உடன் நிற்பவன், ஏவலுக்கு நிற்பவன் என்ற பொருளில். இதற்கும் கீழே 'ஹம்பா' உண்டு, அடிமை என்று அர்த்தம். நம் 'அடியேன்' போல. அரசர் முன்னால் 'பாத்தெக்'. அரசர் தன்னைச் சொல்லிக்கொள்வது 'பெத்தா'. ஒரு மலாய்க்காரர் 'நான்' என்று சொல்லும் முன்பே, எதிரில் இருப்பது யார் என்று முடிவு செய்துவிட வேண்டும்.

ஆக, ஐந்து வருஷ இடைவெளிக்குள் ஒரே ஆள் இரண்டு 'நான்' எழுதியிருக்கிறார். பஞ்சதந்திர மொழிபெயர்ப்பையும் சேர்த்துக்கொண்டால் அவருடைய 'நான்' இல்லாத மூன்றாவது எழுத்தும் உண்டு. இதில் எது அப்துல்லாவின் ரகம்? 1838இல் பணிவானவர், 1840இல் கர்வி ஆகிவிட்டாரா? இல்லை. வாசகர் மாறினார், புத்தகத்தின் நோக்கம் மாறியது. கிளந்தான் பயணம், பார்த்ததை வெளியாருக்குச் சொல்வது. ஹிக்காயாட்டோ, ஆல்ஃபிரட் நார்த் என்ற அமெரிக்க மிஷனரி 'உன் வாழ்க்கையை எழுது' என்று தூண்டியதால் எழுதியது. அதற்கு முன்னால் மலாயில் அப்படியொரு நூல் இருந்ததில்லை.

தமிழுக்கு வந்தால் கருவி இன்னும் திணறும். 'வந்தேன், பார்த்தேன், போய்ட்டேன்' என்று எழுதினால் அதில் 'நான்' எங்கே? வினையின் வாலில் ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'நான்' இல்லாமல் வாக்கியமே நிற்காது; தமிழில் தேவையே இல்லாதபோது ஒருவர் 'நான்' போட்டால்தான் அது செய்தி. இன்னும் கேளுங்க, 'எனக்குப் பிடிச்சிருக்கு', 'எனக்குப் பசிக்குது' என்கிறோம். ஆங்கிலத்தில் எழுவாயாக நிற்பவர் தமிழில் நான்காம் வேற்றுமையில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. மலாயிலும் 'கீத்தா', 'காமி' என்று அப்படியே இரண்டு உண்டு. கேட்பவரைச் சேர்க்கிறோமா விலக்குகிறோமா என்பது ஒரு மனிதரைப் பற்றி நிறையச் சொல்லும். ஆங்கிலத்துக்கென்று செய்த எண்ணிக்கைக்கு இந்த வித்தியாசமே தெரியாது.

*

எழுத்து யாருடையது என்பதே குழம்பும் இடங்களும் உண்டு. குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டிய என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. திருச்சி பக்கத்துக் கிராமத்தில் இருந்த தன் அண்ணனுக்கு அவர் போட்ட கடிதங்களில் சில அந்த வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடைத்தன. எல்லாம் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் எழுதிக் கொடுத்தவை. அந்த லயத்தில் இருந்த எல்லா வீட்டுக்கும் அவர்தான் எழுத்து. 'இவ்விடம் அனைவரும் நலம், அவ்விடம் அனைவரின் நலமறிய ஆவல்' என்றுதான் ஒவ்வொன்றும் தொடங்குகிறது. ஒரு கடிதத்தில் அந்த வரிக்கு ஐந்து வரி தள்ளி, சின்னவன் போன மாதம் காய்ச்சலில் தவறிவிட்டான் என்று இருக்கிறது.

அதே கடிதத்தின் கடைசியில், நலம் விசாரிப்பெல்லாம் முடிந்து வாத்தியார் கையெழுத்து நெருக்கமாகி ஓரத்துக்குப் போன இடத்தில், ஒரு வரி. அந்தச் செவலப்பசு இன்னும் இருக்கா, கன்னு போட்டுச்சா என்று கேட்டிருக்கிறார். வாத்தியார் அதை மட்டும் எழுத்துத் தமிழுக்கு மாற்றவில்லை. மறந்தாரோ, மாற்ற மனம் வரவில்லையோ. எந்த மென்பொருளுக்குக் கொடுத்தாலும் முப்பது குடும்பங்களுக்கும் ஒரே ரகம்தான் வரும், அது வாத்தியாரின் ரகம். பாட்டி அந்தப் பசு வரியில் மட்டும் இருக்கிறார்.

எண்ணிக்கையால் ஒன்றுமே தெரியாது என்று நான் சொல்ல வரவில்லை. யார் எழுதியது என்று கண்டுபிடிக்க அது நன்றாகவே உதவும். அமெரிக்க அரசமைப்பை ஆதரித்துப் புனைபெயரில் வந்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் பன்னிரண்டு, ஹாமில்டன் எழுதியதா மேடிசன் எழுதியதா என்று நீண்ட காலம் சண்டை. 1964இல் மாஸ்டெல்லரும் வாலஸும் சின்னச் சொற்களை எண்ணி, மேடிசனுடையவை என்று காட்டினார்கள். 1906இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' இதழில் பெயரில்லாமல் வந்த கட்டுரைகளில் எவை பாரதி எழுதியவை என்று கண்டறியத் தமிழ்நாட்டு ஆய்வாளர்களும் இந்த வழியில் முயன்றிருக்கிறார்கள். ஆனால் இங்கே கேள்வி வேறு. 'இது பாரதியின் கையா?' என்று கேட்டால் ஒப்பிட அவருடைய மற்ற எழுத்து இருக்கிறது. 'பாரதி எந்த ரகம்?' என்று கேட்டால் எதோடு ஒப்பிடுவது? கைரேகையால் ஆளைக் கண்டுபிடிக்கலாம். கைரேகை சாத்திரம் வேறு.

*

இதெல்லாம் சும்மா அறிவுப்பூர்வமான விளையாட்டாக இருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். என் சித்தி மகள், தமிழ்ப்பள்ளியில் படித்தவள், பட்டிமன்ற மேடையில் ஏறினால் எதிரணி தண்ணீர் குடிக்கும். போன வருஷம் ஒரு நிறுவனத்தில் வேலைக்கு விண்ணப்பித்தாள். முந்நூறு சொல்லில் தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார்கள். மென்பொருள் படித்து அறிக்கை கொடுத்தது. வெளிமுகத்தன்மை குறைவு, புதியவற்றில் நாட்டம் குறைவு. வாடிக்கையாளர்களோடு பழகும் வேலை அது. நேர்காணலுக்குக் கூப்பிடவில்லை. "அண்ணே, இது நான் இல்லண்ணே" என்று அறிக்கையை அனுப்பியிருந்தாள்.

அவள் எழுதியதை வாங்கிப் படித்தேன். எல்லாம் குட்டிக்குட்டி வாக்கியம். ஒரு உரிச்சொல் கிடையாது, ஒரு வேடிக்கை கிடையாது. எனக்குக் காரணம் தெரியும், ஏனென்றால் எனக்கும் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள்: எஸ்.பி.எம். ஆங்கிலத் தாளில் நீளமாக எழுதினால் இலக்கணம் தப்பும், சின்னதாக எழுது, மதிப்பெண் தப்பிக்கும். மென்பொருள் அளந்தது அவளுடைய குணத்தை இல்லை. மூன்றாவது மொழியில் தப்புப் பண்ணிவிடக் கூடாது என்ற பயத்தை அளந்திருக்கிறது. அதற்கு உள்முகம் என்று பெயர் வைத்துவிட்டது. மலாயில் சாயா, ஆங்கிலத்தில் குட்டி வாக்கியம், வீட்டில் ஆரவாரம் என்று வாழ்கிறவர்கள் நாம். நம் ஊரில் யாருக்குத்தான் ஒரே ஒரு எழுத்து இருக்கிறது?

இதற்கு எதிர்வாதம் உண்டு. 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 75,000 பேர் முகநூலில் எழுதிய 70 கோடி சொற்களையும் சொற்றொடர்களையும் ஆராய்ந்தார்கள். வெளிமுகக்காரர்கள் விருந்து, கொண்டாட்டம் பற்றியும், உள்முகக்காரர்கள் கணினி, அனிமே பற்றியும் அதிகம் எழுதியது தெரிந்தது. உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அது கூட்டத்தைப் பற்றிய உண்மை. எங்கள் தொழிற்சாலையில் ஆயிரம் துண்டுகளின் சராசரியைச் சரியாகக் காட்டும் உணரி ஒன்று இருந்தால், உற்பத்தி எந்தப் பக்கம் சாய்கிறது என்று அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். அதையே வைத்து ஒரு தனித்துண்டைத் தூக்கிக் குப்பையில் போட முடியாது. ஒவ்வொரு துண்டிலும் அதன் பிழை எவ்வளவு என்று முதலில் கேட்பார்கள். எந்தப் பொருளை வைத்து அளவுதிருத்தம் செய்தீர்கள் என்றும் கேட்பார்கள். இரும்பில் திருத்திய கருவியை ரப்பரில் வைக்க மாட்டோம். ஆங்கிலத்தில் சுதந்திரமாக எழுதியவர்களிடம் திருத்திய கருவியைக் குளுவாங் பெண்ணிடம் வைக்கலாமா?

விற்பவர்கள் இந்தக் கேள்விகளைச் சொல்ல மாட்டார்கள். முகநூல் தரவை வைத்து வாக்காளர்களின் குணத்தைக் கணித்ததாகப் பெயர் வாங்கிய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா, 2013 பொதுத்தேர்தலில் கெடாவில் பாரிசான் நேஷனலுக்கு உதவியதாகத் தன் விளம்பரத்தில் சொல்லிக்கொண்டது. 2018 தேர்தலுக்குச் சற்று முன் அது இங்கே பெரிய பேச்சானது. அரசுத் தரப்பு மறுத்தது. நம் குணத்தைக் கண்டுபிடிக்கும் வித்தை இருக்கிறது என்று சொல்வதே ஒரு வியாபாரம் என்பது மட்டும் அதில் தெளிவாகத் தெரிந்தது.

*

அப்துல்லாவையும் பின்னால் வந்தவர்கள் ரகம் பிரித்தார்கள். மலாய் அரசர்களைக் கடுமையாக விமர்சித்தார், ஆங்கிலேயரைப் புகழ்ந்தார். ஆகவே அவர் 'தாலி பாருட்', ஆங்கிலேயரின் கைக்கூலி. மறுபக்கம், அவர் நவீனர், துணிச்சல்காரர் என்ற இன்னொரு சீட்டு. இரண்டையும் ஒட்டியவர்கள் அவர் யாருக்கு எழுதினார் என்பதை மறந்துவிடுகிறார்கள். தூண்டியவர் மிஷனரி, அச்சிட்ட பெஞ்சமின் கீஸ்பெரியும் மிஷனரி, வருமானம் வெள்ளைக்காரர்களுக்கு மலாய் சொல்லிக்கொடுத்ததில். அந்தப் புகழ்ச்சியில் எவ்வளவு குணம், எவ்வளவு தொழில்? ஆனால் அதே புத்தகத்தில், சிங்கப்பூரை நிர்வகித்த கிராஃபர்டு பொறுமையில்லாதவர், கோபக்காரர், கைமுட்டி என்றும் எழுதியிருக்கிறார். கைக்கூலி ரகத்தில் இது அடங்கவில்லையே.

அவருடைய மகன் முகம்மது இப்ராஹிம் முன்ஷி நம் ஜொகூருக்கு வந்தவர். அபு பக்காரின் அரசாங்கத்தில் பணியாற்றி 'டத்தோ பெந்தாரா டாலாம்' பட்டம் பெற்றவர். அவரும் தந்தையைப் போலவே ஒரு பயணநூல் எழுதினார், 1870களின் தொடக்கத்தில் அரசுப் பணியாகச் சுற்றியதைப் பற்றி. தந்தை நூலையும் மகன் நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவர் இந்த ரகம் இவர் அந்த ரகம் என்று சொல்ல யாருக்கும் ஆசை வரும். முதலில் பார்க்க வேண்டியது ஒருவர் மிஷனரிகளை நம்பி வாழ்ந்த ஆசிரியர், மற்றவர் ஒரு புது நகரத்தின் அரசு அதிகாரி என்பதைத்தான். அதைக் கழித்த பிறகு மிஞ்சுவது எதுவோ அதுதான் குணம்.

கழித்த பிறகு மிஞ்சுமா என்றால், மிஞ்சும். அந்த அளவுக்கு எனக்கு எழுத்தின்மேல் நம்பிக்கை உண்டு. தேவையே இல்லாமல் எழுதிய இடத்தில் அது இருக்கும். ராஃபிள்ஸைப் புகழ வேண்டுமென்றால் நெற்றியும் காதும் போதும். மேசைமேல் படுத்ததையும் காகிதம் கிழித்ததையும் யாரும் கேட்கவில்லை. மலாக்காவில் ஒரு பதின்வயது எழுத்தன் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறான், முப்பது வருஷம் அதை மறக்கவில்லை. எனக்குத் தெரிந்த அப்துல்லா அவன்தான். அவனுக்கு எந்தப் பட்டையும் போட முடியாது, ஆனால் நேரில் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்வேன்.

அதனால் உங்கள் எழுத்தை வைத்து யாராவது அறிக்கை நீட்டினால், மூன்று கேள்வி கேளுங்கள். இதை நான் யாருக்கு எழுதினேன்? எந்த மொழியில், எவ்வளவு பயத்தோடு எழுதினேன்? உங்கள் கருவியை என்னைப் போன்றவர்களிடம் எப்போதாவது சோதித்தீர்களா? மூன்றுக்கும் பதில் வராவிட்டால் அது சாமுத்திரிகா லட்சணத்தின் புதிய பதிப்பு.

அப்துல்லா 1854இல் மெக்கா யாத்திரையில் இறந்தார். அந்தக் கடைசிப் பயணத்தையும் எழுதிக்கொண்டே போயிருக்கிறார், முடிக்காமல் நின்றுபோனது. முன்னோர்கள் வந்த அதே கடல் வழியாகக் கப்பல் குமரிமுனையைச் சுற்றும்போது அலை அவரை உலுக்கிவிடுகிறது. மூன்று முறை இறைவன் பெயரைச் சொல்லிக் கதறுவதாக அந்தப் பகுதி இருக்கிறது. இதை ஒரு மென்பொருளுக்குக் கொடுத்தால், பதற்றம் மிக அதிகம் என்று பட்டை வரையும். அன்று அதிகமாக இருந்தது அலை.